பிந்திக் கற்ற சைக்கிள்

சிராய்ப்பு என்பது சிறு பிள்ளைகளுக்கு உரிய சொல். பெரியவர்களுக்குச் சுளுக்குப் பிடிக்கும், மூட்டு வலிக்கும், எலும்பு முறியும். சிராய்ப்பு ஏற்படுவது அரிது. முழங்கால் தேயும் வகையில் விழுவதற்கு வேண்டிய விளையாட்டுகளை அவர்கள் என்றோ விட்டுவிட்டார்கள். 2023 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஒரு காலைப் பொழுதில், என்னுடைய ஐம்பத்தெட்டாவது வயதில், இரண்டு முழங்கால்களிலும் சிராய்ப்புடன் நான் வீடு வந்து சேர்ந்தேன். என் பேத்திக்கு அப்போது ஒன்பது வயது. அவள் தன் பள்ளிப் பையிலிருந்து பிளாஸ்திரி எடுத்து ஒட்டிவிட்டு, "முதல் நாள் அப்படித்தான் இருக்கும், பாட்டி" என்று ஆறுதல் கூறினாள். அன்று பதினோராவது நாள். அதை அவளிடம் நான் சொல்லவில்லை.

வயது முதிர்ந்தபின் சைக்கிள் விடக் கற்றுக்கொள்வதைப் பற்றியே இன்று நேயர்களோடு பேச எண்ணுகிறேன். தமிழ்நாட்டுக்கு வெளியே, பிள்ளைகளின் உத்தியோகத்தை முன்னிட்டோ, கணவரின் உத்தியோகத்தை முன்னிட்டோ வந்து குடியேறிய பெண்கள் நம்மில் பலர். ஆண்களிலும் சைக்கிள் அறியாதவர்கள் உண்டு; அவர்கள் அதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். ஊரில் இருந்தால் நாலு தெரு நடந்து எல்லாக் காரியத்தையும் முடித்துக்கொள்ளலாம். இங்கே கடை ஒரு மூலை, கோயில் ஒரு மூலை, தமிழ் பேசும் வீடு வேறொரு மூலை. ஒவ்வொன்றுக்கும் யாரேனும் ஒருவர் நம்மை அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது.

நான் பிறந்தது புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆலங்குடிக்கு அருகே உள்ள சிற்றூரில். என் அண்ணன் பத்து வயதிலேயே சைக்கிள் பழகிவிட்டான். கடைத்தெருவில் மணிக்கு நாலணா வாடகைக்குச் சைக்கிள் கிடைக்கும். சீட்டில் ஏறினால் கால் எட்டாத பிள்ளைகள், நடுக்கம்பிக்கு அடியில் ஒரு காலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கமாக வளைத்து மிதித்துச் செல்வார்கள். அதற்குக் குரங்குப் பெடல் என்று பெயர். வடநாட்டில் அதையே கத்தரி என்னும் பொருளில் 'கைஞ்சி' என்கிறார்கள். கால்கள் கத்தரியைப் போல் விரிந்து மடங்குவதால் அப்பெயர் வந்தது போலும். அண்ணன் குரங்குப் பெடல் போடும்போது வண்டியின் பின்னால் ஓடியவள் நான்தான். அவன் விழுந்தால் தூக்கிவிடுவதும், வாடகை முடிந்ததும் சைக்கிளைத் துடைத்துக் கொடுப்பதும் என் வேலை. ஒரு தடவையேனும் நான் ஏறிப் பார்க்கட்டுமா என்று கேட்கவில்லை. கேட்டால் மறுத்திருப்பார்கள் என்பது கிடக்கட்டும்; கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

1988 இல் மணமாகிச் சண்டிகருக்கு வந்தேன். லெ கார்பூசியே என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த திட்டத்தின்படி எழுந்த நகரம் இது. ஏறத்தாழ 1,200 மீட்டர் நீளமும் 800 மீட்டர் அகலமும் கொண்ட செக்டார்களாக நகரம் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. சாலைகளையும் அவர் தரம் பிரித்து எண்ணிட்டார். சைக்கிளுக்கும் அத்திட்டத்தில் தனிப் பாதை சேர்ந்தது. இங்கிருந்து நூறு கிலோமீட்டர் சென்றால் லூதியானா. நம் நாட்டுச் சைக்கிள்களில் பெரும் பகுதி அங்கேதான் உருவாகின்றது. சைக்கிள் பிறக்கும் ஊருக்குப் பக்கத்தில், சைக்கிளுக்கு வழி விட்டுக் கட்டிய நகரத்தில், முப்பத்து மூன்று ஆண்டுகளை என் கணவரின் ஸ்கூட்டருடைய பின்னிருக்கையில் அமர்ந்து கழித்தேன். புடவை உடுத்தியவர்கள் ஒருபுறமாகத் திரும்பித்தானே உட்கார முடியும்? இந்நகரத்து வீதிகளில் இடப்பக்கத்துக் கடைகளை எல்லாம் நான் நன்கு அறிவேன். வலப்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் விழிப்பேன்.

இதற்கிடையில் எங்கள் மாவட்டத்தில் ஒரு பெரிய காரியம் நடந்தது. 1991 இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்தறிவு புகட்டும் இயக்கம் அது. அந்நாள் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பதையும் அவ்வியக்கத்தின் ஓர் அங்கமாக ஆக்கினார். எழுத்துக் கற்பிக்கச் செல்லும் பெண்ணும், கற்க வரும் பெண்ணும் பஸ்ஸுக்கும் ஆண் துணைக்கும் காத்திருந்தால் இயக்கம் நகராது என்பது அதன் காரணம். வயல் வேலை செய்வோர், கல்லுடைக்கும் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர், கிராமச் செவிலியர் என ஆயிரக்கணக்கானோர் மைதானங்களில் கூடிப் பழகினார்கள். பெண்களுக்கான சைக்கிள்கள் போதவில்லை. ஆண்களுடைய சைக்கிளிலேயே பழகினார்கள். நடுக்கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பதால் அதுவே மேல் என்று சொன்னவர்களும் உண்டு. தங்கையை விளித்துச் சைக்கிள் பழகச் சொல்லும் பாட்டொன்று அந்நாளில் ஊரூராக ஒலித்தது. அக்காமாருக்கு எவரும் பாட்டு எழுதவில்லை போலும்.

எனக்கு நான்கு வயது இளையவள் என் தங்கை. பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்தி, உள்ளூரிலேயே மணம் முடித்துக் கொடுத்திருந்தோம். 1992 கோடை விடுமுறையில் நான் மகனுடன் ஊருக்குச் சென்றேன். பஸ் எங்களைச் சாலையில் இறக்கிவிட்டது. அங்கிருந்து வீடு இரண்டு கிலோமீட்டர். தைலமரக் காட்டை ஒட்டிச் செம்மண் பாதை. வழக்கமாக மாட்டுவண்டி வந்து நிற்கும் இடத்தில் என் தங்கை ஆண்கள் ஓட்டும் பெரிய சைக்கிள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பையனை முன்கம்பியில் வைத்துக்கொள்கிறேன். நீ கேரியரில் ஏறிக்கொள், அக்கா. பெட்டியைப் பிறகு வந்து எடுத்துக்கொள்கிறேன்" என்றாள்.

நான் ஏறவில்லை. பார்ப்பவர்கள் என்ன சொல்வார்கள் என்றேன். ஊரில் எவரும் எதுவும் சொல்லவில்லை. அவ்வூர்க் கண்கள் அதற்குள் பழகிவிட்டிருந்தன. பட்டணத்திலிருந்து வந்தவளுக்குத்தான் கூச்சம். தங்கை மறுபேச்சுப் பேசாமல் பையனை முன்கம்பியிலும் பெட்டியைக் கேரியரிலும் ஏற்றி, சைக்கிளை உருட்டிக்கொண்டு, வெயிலில் இரண்டு கிலோமீட்டர் என்னுடன் நடந்தாள். அவள் இதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. எனக்கு மறந்ததில்லை.

2021 இல் என் கணவர் காலமானார். ஸ்கூட்டர் வராந்தாவில் நின்றது. மகனும் மருமகளும் காலையில் அலுவலகம் சென்றால் மாலையில்தான் திரும்புவார்கள். உழவர்கள் தங்கள் விளைபொருளை நேரே கொண்டுவந்து விற்கும் அப்னி மண்டி என்ற சந்தை, நாளுக்கொரு செக்டாரில் கூடும். அதற்குப் போக வேண்டும் என்றால் மகனுடைய நேரத்தைப் பார்க்க வேண்டும். கோயிலுக்கும் அவ்வாறே. முருகன் காத்திருப்பான், கீரை காத்திருக்குமா? ஆட்டோவில் போகலாமே என்று நேயர்கள் நினைக்கக்கூடும். போகலாம். கால்கட்டுக் கீரைக்கு ஆட்டோ வைத்துப் போகும் மனம் எங்கள் தலைமுறைக்கு இல்லை.

எங்கள் செக்டாரில் மரத்தடியில் சைக்கிள் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தவர். அவரிடம் சென்று பழைய சைக்கிள் ஒன்று வேண்டும் என்றேன். பேரனுக்கா, பேத்திக்கா என்று கேட்டார். எனக்கு என்றேன். ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். அடுத்த கேள்வி என் உயரத்தைப் பற்றியதாக இருந்தது. இதற்காக அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டவள். நடுக்கம்பி உயராமல், புடவையோடும் கால் வைத்து ஏறக்கூடிய சிறு சைக்கிள் ஒன்றைத் தேடிக் கொடுத்தார்.

அன்றிரவு தொலைபேசியில் தங்கைக்குச் செய்தி சொன்னேன். இந்த வயதிலா அக்கா என்று கேட்பாள் என எதிர்பார்த்திருந்தேன். "சீட்டைத் தாழ்த்திவிட்டாயா?" என்றுதான் கேட்டாள்.

சீட்டில் அமர்ந்தபடியே இரண்டு பாதங்களும் முழுமையாகத் தரையில் படியும் அளவுக்கு அதைத் தாழ்த்த வேண்டும். வயது வந்தபின் பழகுவோருக்கு இதுவே முதற்படி. இரண்டாவது படி சற்று விசித்திரமானது. பெடல்கள் இரண்டையும் கழற்றிவிட வேண்டும். நான் இதைச் சொன்னபோது, பெடல் இல்லாத சைக்கிள் எதற்கு என்று மரத்தடிப் பெரியவர் சிரித்தார். ஆனால் சைக்கிளின் மூதாதைக்குப் பெடல் கிடையாது. 1817 இல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் என்பவர் செய்த வண்டியில் இரு சக்கரங்களும், அமர ஓர் இருக்கையும், திருப்ப ஒரு கைப்பிடியுமே இருந்தன. ஏறி அமர்ந்தவர் காலால் தரையை உந்தி உந்திச் செல்ல வேண்டும். பெடல் வந்தது அதற்குப் பல பத்தாண்டுகள் கழித்து. அந்த வரிசையிலேயே கற்பதுதான் முறை. சமநிலை முன்னால், மிதிப்பது பின்னால். இரண்டையும் ஒரே நேரத்தில் கற்க முயல்வதாலும், பின்னால் ஒருவர் சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடுவதாலும் பலருக்குக் கற்பது தடைப்படுகிறது. பிடித்திருப்பவரின் கையே சமநிலையைப் பார்த்துக்கொள்வதால், ஓட்டுபவரின் உடம்புக்கு அதைக் கற்கும் வாய்ப்பே கிடைப்பதில்லை.

பெடலைக் கழற்ற விரும்பும் நேயர்களுக்கு ஒரு குறிப்பு. வலப்பக்கத்துப் பெடல், மற்ற திருகுகளைப் போல் இடஞ்சுழியாகத் திருகினால் கழலும். இடப்பக்கத்துப் பெடலின் மரை எதிர்மாறாக வெட்டப்பட்டிருக்கும். அதை வலஞ்சுழியாகத் திருக வேண்டும். இது தெரியாமல் பலங்கொண்ட மட்டும் முறுக்கி மரையைக் கெடுத்தவர் பலர் என்று பெரியவர் சொன்னார்.

நல்ல புல்தரை வேண்டும் என்று முதலில் நினைத்தேன். அது தவறு. விழுந்தால் அடிபடாது என்பதைத் தவிரப் புல்லினால் பயன் இல்லை. சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். கெட்டியான தளம், மிகச் சிறிய இறக்கம், போக்குவரத்து இல்லாத விடியற்காலை: இம்மூன்றும் அமைந்த இடம் ஒன்று பூங்காவின் ஓரத்தில் கிடைத்தது. காலால் உந்துவேன், இரண்டு கால்களையும் தூக்குவேன், இரண்டு கஜம் சென்றதும் ஊன்றுவேன். முதல் வாரம் முழுவதும் இதுதான். நடைப்பயிற்சிக்கு வருவோர் பார்த்துக்கொண்டே சென்றார்கள். நாலாம் நாள் ஒரு முதியவர் நின்று, பெடலைத் திருடிவிட்டார்களா என்று அனுதாபத்தோடு விசாரித்தார்.

சாயும் பக்கத்துக்கே ஹாண்டிலைத் திருப்ப வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்வது எளிது. இடப்பக்கம் சாய்கிறோம் என்று அறிந்த கணத்தில் உடம்பு வலப்பக்கம் திருப்பத்தான் துடிக்கிறது. உள்ளங்கையில் கோலை நிறுத்தி விளையாடும் பிள்ளையைக் கவனித்தால் விஷயம் விளங்கும். கோல் எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கமே கையைக் கொண்டுபோகிறது பிள்ளை. கோலின் அடி மீண்டும் அதன் தலைக்குக் கீழே வந்துவிடுகிறது. சைக்கிளிலும் அவ்வாறே. சாயும் பக்கத்துக்குச் சக்கரத்தைத் திருப்பினால், சக்கரம் ஓடிவந்து நமக்கு அடியில் நின்றுகொள்ளும். இதற்குக் கொஞ்சம் வேகம் வேண்டும். அச்சத்தால் மெல்லச் செல்கிறோம். மெல்லச் செல்வதால் வண்டி தள்ளாடுகிறது. தள்ளாட்டத்தைக் கண்டு மேலும் அஞ்சுகிறோம். இந்தச் சுழலில் நான் ஒன்பது நாட்கள் கிடந்தேன்.

ஆளே இல்லாமல் தள்ளிவிட்ட சைக்கிளும் சிறிது தூரம் விழாமல் ஓடுவதை நேயர்கள் பார்த்திருக்கலாம். சக்கரம் பம்பரம் போல் சுழல்வதே அதற்குக் காரணம் என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். முன்சக்கரம் தரையைத் தொடும் இடம், ஹாண்டிலின் அச்சு தரையைச் சந்திக்கும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் அமைந்திருப்பதே காரணம் என்றனர் வேறு சிலர். 2011 இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட், அமெரிக்காவின் கார்னெல் ஆகிய பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் சிலர், இவ்விரு காரணங்களும் செயற்படாதவாறு ஒரு வண்டியைச் செய்து தள்ளிவிட்டார்கள். அதுவும் விழாமல் ஓடியது. அப்படி ஓடியபோதும் அது சாயும் பக்கத்துக்கே தன் முன்சக்கரத்தைத் திருப்பிக்கொண்டது. விஞ்ஞானிகளே இவ்வளவு காலம் விவாதித்த ஒன்றை என் முழங்கால்கள் பதினோரு நாளில் புரிந்துகொள்ளவில்லை என்பதில் எனக்கு வெட்கம் இல்லை.

அந்தப் பதினோராம் நாள் விழுந்தது என் பிழையால். பாதையோரத்தில் ஒரு மாமரம் நின்றது. அதன்மீது மோதிவிடக் கூடாதே என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண் சென்ற இடத்துக்குக் கை செல்லும். கை சென்ற இடத்துக்குச் சக்கரம் செல்லும். பார்க்க வேண்டியது, நாம் போக விரும்பும் இடத்தை. பத்துப் பதினைந்து அடிக்கு அப்பால் பார்வை இருக்க வேண்டும். முன்சக்கரத்தைக் குனிந்து பார்ப்பவர் விழுவது உறுதி.

என் பேத்தி மூன்று நாளில் பழகிய வித்தைக்கு எனக்கு ஏழு வாரம் பிடித்தது. வயதானால் உடம்பு மெல்லக் கற்கிறது என்பது மெய்தான். ஆனால் என் கணக்கில் பாதி வாரங்களைத் தின்றது கூச்சம். எவரேனும் எதிரே வந்தால் இறங்கி, செருப்பைச் சரிசெய்வது போல் பாசாங்கு செய்வேன். டால்ஸ்டாய் சைக்கிள் பழகியது 1895 இல், அவருடைய அறுபத்தேழாவது வயதில். ஏழு வயதும் நிரம்பாத தம் கடைசி மகனை அவர் இழந்த ஆண்டும் அதுவே. உலகம் முழுவதும் பெயர் பரவிய ஆசிரியர், நீண்ட வெண்தாடியோடு மாஸ்கோ நகரத்தில் தள்ளாடித் தள்ளாடிப் பழகியிருக்கிறார். அமெரிக்காவில் மதுவிலக்குக்காகவும் பெண்கள் உரிமைக்காகவும் உழைத்த பிரான்சஸ் வில்லார்டு அம்மையார், தம் ஐம்பத்து மூன்றாவது வயதில் கற்றார். நாள்தோறும் பத்துப் பதினைந்து நிமிடம் வீதம் ஏறத்தாழ மூன்று மாதம் ஆயிற்று என்று தம் நூலில் கணக்குக் கொடுத்திருக்கிறார். அந்நூலும் 1895 இல் வெளிவந்ததே. மூன்று மாதம் என்னும் எண்ணைப் படித்த அன்று எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

உடம்பைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். இதய நோயோ, தலைச்சுற்றலோ, இரத்த அழுத்தமோ உடையவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கலாகாது. சைக்கிளில் உடலின் பாரத்தை இருக்கை தாங்குவதால், நடக்க வலிக்கும் முழங்கால்களுக்கும் அது பெரும்பாலும் இதமாக இருக்கும். அதே காரணத்தால், எலும்பை உறுதிப்படுத்தும் விஷயத்தில் நடைக்கு அது ஈடாகாது. ஆகையால் நடையை விட்டுவிடக் கூடாது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு மெலியும். விழும்போது கையை ஊன்றுவது இயல்பு. மணிக்கட்டு முறிவதும் அதனால்தான். கட்டியான கையுறையும் தலைக்கவசமும் அணிந்துகொள்வது நல்லது. சைக்கிளுக்குத் தலைக்கவசத்தைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. நம் தலைக்கு நாமே சட்டம் இயற்றிக்கொள்ளலாம். உடை விஷயத்தில் நான் இவ்வூர் வழக்கப்படி சல்வாருக்கு மாறினேன். ஐம்பத்தெட்டு வயதில் அதுவும் ஒரு புதுப் பழக்கம். துப்பட்டாவை மட்டும் குறுக்கே இழுத்து இடுப்பில் முடிந்துகொள்ள வேண்டும். பின்சக்கரத்துக்கு அதன்மேல் தீராத ஆசை.

மூன்றாவது வாரக் கடைசியில், கால்களைத் தூக்கிக்கொண்டே இருபது கஜம் இறக்கத்தில் செல்ல முடிந்தது. அதன் பிறகுதான் பெடல்களை மாட்டினோம். புறப்படும்போது ஒரு பெடல் முன்னால் சற்று மேலே தூக்கியிருக்க வேண்டும். அதை அழுத்தினால் கிடைக்கும் முதல் வேகமே மற்றொரு காலைத் தரையிலிருந்து எடுக்கும் துணிவைத் தரும். நிறுத்துவதற்கு இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து, மெல்லப் பிடிக்க வேண்டும். முன் பிரேக்கை மட்டும் திடுமெனப் பிடித்தால் வண்டி நிற்கும். நாம் நிற்க மாட்டோம்.

மார்ச்சுக் கடைசியில் ஒரு நாள், செக்டாரின் உள்சாலையில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இறங்காமல் சென்றேன். அன்று நான் அறிந்த ஒரு செய்தி உண்டு. இந்நகரம் சமதளம் என்றே முப்பத்தைந்து ஆண்டுகளாக நம்பியிருந்தேன். அப்படியன்று. வடகிழக்கே மலையடிவாரத்திலிருந்து தென்மேற்கு நோக்கி, நூறடிக்கு ஓர் அடி என்னும் கணக்கில் மெல்லத் தாழ்ந்துகொண்டே வருகிறது. நடப்பவருக்கு அது தெரியாது. ஸ்கூட்டரின் பின்னால் இருப்பவருக்குச் சிறிதும் தெரியாது. என் தொடைகளுக்குத் தெரிந்தது. சுக்னா ஏரியை நோக்கிப் போகையில் மூச்சு வாங்குகிறது. திரும்பி வருகையில் மிதிக்காமலே வண்டி ஓடுகிறது. வலப்பக்கத்துக் கடைகளையும் அவ்வாரத்தில்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நான் தேடிக்கொண்டிருந்த மாவரைக்கும் கடை ஒன்று அங்கே பல வருஷங்களாக இருந்திருக்கிறது.

எல்லா ஊரும் சண்டிகர் அன்று என்பதை அறிவேன். கொல்கத்தாவில் 2013 இல் பல பெருஞ்சாலைகளில் சைக்கிளைத் தடை செய்தார்கள். ஒரு காலத்தில் சைக்கிள் நகரம் என்றே பெயர் பெற்றிருந்த புனேயில் இன்று மோட்டார் வாகனங்களுக்கு நடுவே சைக்கிளைத் தேட வேண்டியிருக்கிறது. மும்பையிலும் தில்லியிலும் பெருஞ்சாலையில் இறங்குமாறு அறுபது வயதுக்காரர் எவரையும் நான் தூண்ட மாட்டேன். இங்கும் தனிப் பாதைகளில் ஸ்கூட்டர்கள் புகுவது உண்டு. குடியிருப்பின் உள்சாலை, பள்ளி மைதானம், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை: இவற்றைக் கொண்டு எவ்வூரிலும் பழகலாம். பழகியபின் எங்கு செல்வது, எங்கு செல்லாமல் இருப்பது என்பதை அவரவர் ஊரைப் பார்த்து அவரவரே முடிவு செய்துகொள்ள வேண்டும். முன்னும் பின்னும் விளக்கு இல்லாமல் இருட்டில் செல்வது மட்டும் எவ்வூரிலும் ஆகாது.

அவ்வாண்டு அக்டோபரில் என் தங்கை சண்டிகருக்கு வந்தாள். இவ்வளவு ஆண்டுகளில் முதல் தடவை. மொபெட் வாங்கிய பிறகு அவள் சைக்கிளைத் தொட்டுப் பதினேழு ஆண்டுகள் ஆகிவிட்டன. கீரமங்கலம் பூச் சந்தைக்கு விடியுமுன் மல்லிகை மூட்டையோடு சைக்கிளில் போய்வந்த நாட்களைப் பற்றி, வந்த அன்றிரவு நெடுநேரம் பேசினாள். மறுநாள் காலையில் அண்டை வீட்டாரிடம் இன்னொரு சைக்கிளை இரவல் வாங்கினோம். தங்கை அதைச் சுற்றி ஒரு முறை பார்த்தாள், டயரை அழுத்திப் பார்த்தாள், முந்தானையை இழுத்துச் செருகினாள், ஏறினாள், போய்விட்டாள். பதினேழு ஆண்டு இடைவெளி அவள் கால்களுக்குத் தெரியவே இல்லை. நான் பின்னால் சென்றேன். முனை திரும்பும் இடத்தில் நின்று எனக்காகக் காத்திருந்தாள்.

"ஏன் அக்கா, கை காட்டாமல் திரும்புகிறாய்?" என்றாள்.

"கையை எடுத்தால் விழுந்துவிடுவேன்" என்றேன்.

"அந்தப் பெரிய சைக்கிளில் அன்று உன்னையும் பெட்டியையும் பையனையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டியிருப்பேன். நீதான் ஏற மாட்டேன் என்றாய்" என்றாள். முப்பத்தோர் ஆண்டுகளுக்குப் பிறகு, சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்தேன், சிரித்ததில் சைக்கிள் சாய்ந்தது, சாயும் பக்கத்துக்கே திருப்பி நிமிர்த்திக்கொண்டேன்.

அவள் இருந்த பத்து நாட்களும் கை காட்டுவதற்குத்தான் பயிற்சி. இடக்கையை எடுக்கப் பழகிவிட்டேன். வலக்கையை எடுத்தால் இன்றும் வண்டி ஆடுகிறது. ஆகையால் நான் இடப்பக்கம் மட்டுமே திரும்புகிறேன். செக்டாரை இடப்பக்கம் வைத்துக்கொண்டு புறப்பட்டால், வட்டச் சந்தியைச் சுற்றிப் போகும் தேவையும் இல்லை; நான்கு திருப்பங்களில், நான்கு கிலோமீட்டரில், வழியில் சந்தை கூடியிருந்தால் அதையும் பார்த்துக்கொண்டு, புறப்பட்ட வீட்டுக்கே வந்து சேர்ந்துவிடலாம். கோயிலுக்குச் செல்ல மூன்று இடங்களில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். அம்மூன்று இடங்களிலும் இறங்கி, உருட்டிக்கொண்டு கடந்து, மறுபடி ஏறிக்கொள்கிறேன்.